திராட்சை ரசத்துக்குச் சொன்ன சரி

1

போன வாரம் எங்கள் வீட்டு பேஸ்மென்ட்டில் வாட்டர் ஹீட்டர் ஒழுக ஆரம்பித்தது. பேஸ்மென்ட் என்றால் வீட்டுக்கு அடியில், பாதி பூமிக்குள் இறங்கியிருக்கும் அறை. நியூ ஜெர்சியில் எங்கள் தெருவில் எல்லா வீட்டுக்கும் உண்டு. அரிசி மூட்டை, கொலுப்படி, மகள் காவ்யா எட்டாம் வகுப்போடு கைவிட்ட வயலின் என்று தூக்கி எறிய மனசு வராததெல்லாம் அங்கேதான் இருக்கும்.

பைப்பை வெட்ட இடம் வேண்டும் என்று பிளம்பர் சுவரோரம் இருந்த மர அலமாரியைப் பிடித்து இழுத்தார். நான் மேலே தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். இழுக்கிற சத்தம் கேட்டதும் தோசைத் திருப்பியோடு இறங்கி ஓடினேன். அதை மட்டும் அசைக்காதீர்கள் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கத்தினேன். அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு பாட்டில் படுத்திருக்கிறது. கறுப்புத் திராட்சையில் செய்த வைன்.

ரொம்ப விலையோ என்று கேட்டார். இல்லை என்றேன். ரொம்பப் பழசோ என்றார். இனிமேல்தான் பழசாக வேண்டும் என்றேன். அவர் என் கையிலிருந்த தோசைத் திருப்பியை ஒரு தடவை பார்த்தார். பிறகு அலமாரியை விட்டுவிட்டு, பைப்பை வேறு பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனார்.

நானும் என் கணவர் சேகரும் குடிப்பதில்லை. "குடிக்காத வீட்டுல பாட்டிலுக்கு ஒரு காவல்காரி," என்று அவர் மாடிப்படியில் நின்று சொன்னார். மேலே போய்ப் பார்த்தால் தோசை கருகியிருந்தது. ஊரில் இருக்கிறவர்களுக்கு இந்த பாட்டில் கதையை ஒருநாள் எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். கருகிய தோசையைச் சுரண்டும்போது இன்றைக்கே எழுதிவிடலாம் என்று தோன்றியது. ஒரு வார்த்தை புரியாமல் நான் சொன்ன 'சரி'யில் தொடங்கிய கதை இது.

2

காவ்யா ஒரு பையனைப் பிடித்திருக்கிறது என்று சொன்னபோது, எந்த ஊர், எந்த நாடு, என்ன பாஷை என்று மூன்று கேள்வியை அடக்கிக்கொண்டு, "சாப்பிட்டியா?" என்றுதான் கேட்டேன். அவளே சொன்னாள். பையன் பெயர் நிரோஷன். யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவக் குடும்பம். அப்பா அம்மா சான் ஹோசேயில் இருக்கிறார்கள்.

தமிழ்க் குடும்பம் என்றதும் எனக்கு உயிர் வந்தது. சாமி வேறானால் என்ன, பேச ஒரு பாஷை இருக்கிறதே என்று நினைத்தேன். அதுதான் முதல் தப்பு. வேறு பாஷைக்காரர்களோடு பேசினால் புரியாதது புரியவில்லை என்றாவது தெரியும். ஒரே பாஷையில் புரியாதது புரிந்த மாதிரியே இருக்கும்.

நிரோவின் அம்மா புஷ்பராணி என்னைவிடக் கொஞ்சம் இளையவர். முதல் தடவை போனில் பேசியபோது, "அவருக்குக் கொஞ்சம் வருத்தம், அதுதான் கதைக்க வரேல்லை," என்றார். போச்சு, பையனின் அப்பாவுக்கு இந்தச் சம்பந்தத்தில் மனவருத்தம் என்று எனக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை. மறுநாள் காவ்யா விசாரித்துச் சொன்னாள், அவருக்குக் காய்ச்சலாம். அவர்கள் ஊரில் வருத்தம் என்றால் உடம்பு சரியில்லை என்று பொருளாம். இன்னொரு நாள், "ஆறுதலா வாங்கோ அக்கா," என்றார். யாருக்கு என்ன ஆச்சு, எதற்கு ஆறுதல் என்று சேகரைப் பார்த்தேன். மெதுவாக, அவசரப்படாமல் வாருங்கள் என்று அர்த்தமாம்.

இப்படி அடிபட்டு அடிபட்டுத் தேறிவிட்டேன் என்று நினைத்திருந்த நேரத்தில்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை வீடியோ கால் வந்தது. கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்கு என்ன கொடுத்து அனுப்புவது என்று பேச்சு. எங்கள் பக்கம் வழக்கம் தெரிந்ததுதான். வெற்றிலை பாக்கு, மஞ்சள் குங்குமம், ஒரு தேங்காய், எல்லாம் ஒரு தாம்பூலப் பையில். ஆனால் இங்கே பாதிப் பேர் பிளைட்டில் வருகிறவர்கள். தேங்காயை வைத்துக்கொண்டு ஓட்டல் அறையில் என்ன செய்வார்கள்? போன வருஷம் ஒரு கல்யாணத்தில், எங்கள் சிநேகிதி ஒருத்தி அதை ஓட்டல் பார்க்கிங்கில் உடைக்கப் போய் செக்யூரிட்டி வந்து நின்றார்.

அப்போது புஷ்பராணி கொஞ்சம் தயங்கிச் சொன்னார். "எனக்கு ஒரு ஆசை அக்கா. வாற ஆக்களுக்கு ஒவ்வொரு போத்தில் திராட்சை ரசம் குடுப்பமோ எண்டு யோசிச்சனான். உங்கட தாம்பூலப் பையோடையே வைச்சுக் குடுக்கலாம். வடிவா இருக்கும். எங்கட கோயிலிலை குடுக்கிறதுதானே, பிழையான சாமான் இல்லை."

திராட்சை ரசம். கோயிலில் கொடுப்பது. நான் பானகத்தை நினைத்துக்கொண்டேன். திராட்சையைப் பிழிந்து பாட்டிலில் அடைத்து அவர்கள் கோயிலில் பிரசாதமாகக் கொடுப்பார்கள் போலிருக்கிறது, தேங்காய்க்கு இது எவ்வளவோ தேவலை என்று பட்டது.

"தாராளமா குடுக்கலாமே," என்றேன். "நல்ல ஐடியா. குழந்தைங்களும் குடிக்கும்."

புஷ்பராணி ஸ்கிரீனுக்குக் கிட்டே வந்து என் முகத்தைப் பார்த்தார். பிறகு சிரித்தார். நானும் சிரித்தேன். எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாமலே சம்பந்திகள் சேர்ந்து சிரிப்பது நல்ல சகுனம் என்று போனை வைத்தேன். "திராட்சையில ரசமா? சாதத்துல ஊத்திக்கவா?" என்று சேகர் கேட்டார். உங்களுக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இருங்க என்று அடக்கினேன்.

3

அடுத்த சனிக்கிழமை காவ்யாவும் நானும் ரவிக்கைக்கு அளவு கொடுக்கப் போனோம். அவள்தான் டிரைவ் பண்ணினாள். அவளோடு காரில் போவதென்றால் அவளுடைய பாட்டு ஓடும், நான் ஜன்னலைப் பார்ப்பேன். இதில் எனக்கொன்றும் புகார் இல்லை என்று சொல்ல ஆசைதான். பொய்யாகிவிடும். பதினாலு வயசில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டவள். அன்றிலிருந்து எதைக் கேட்டாலும் ஒரே பதில், "ஃபைன்". ஸ்கூல் ஃபைன், காலேஜ் ஃபைன், வேலை ஃபைன். நான் தமிழில் ஒரு பக்கம் கேட்பேன், அவள் இங்கிலீஷில் ஒரு சொல் தருவாள்.

அன்றைக்குப் பாட்டை அவளே நிறுத்தினாள்.

"அம்மா, ஐ ஹேவ் டு டெல் யூ. யூ வேர் அமேஸிங்."

நான் திரும்பிப் பார்த்தேன். அவள் சாலையைப் பார்த்தபடியே படபடவென்று சொல்லிக்கொண்டு போனாள். கல்யாணத்தில் வைன் கொடுக்கும் யோசனையை நிரோவின் அம்மா முதலில் அவளிடம்தான் சொன்னாராம். என் அம்மா ஒத்துக்கொள்ளவே மாட்டாள், கேட்டால் அழுது ஊரைக் கூட்டுவாள் என்று இவள் பல நாள் பயந்துகொண்டே இருந்தாளாம். கடைசியில் அவரே கேட்கிறேன் என்றாராம். நானோ இரண்டே செகண்டில் சரி சொல்லிவிட்டு, குழந்தைகளும் குடிக்கும் என்று ஜோக் வேறு அடித்தேனாம். நிரோவின் அம்மா சொல்லிச் சொல்லிச் சிரித்தாராம். காவ்யா இதை அவளுடைய ஆபீஸில்கூடச் சொல்லியிருக்கிறாள்.

வைன். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

சீட் பெல்ட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "ஆமா, அதுல என்ன இருக்கு," என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ போல் இருந்தது. சிக்னலில் கார் நின்றபோது அவள் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். சின்னப் பெண்ணாக இருந்தபோது ரோடு கிராஸ் பண்ண என் கையைப் பிடிப்பாள். அதற்குப் பிறகு அவளாகப் பிடித்தது அன்றைக்குத்தான். பச்சை விழுந்து பின்னால் ஹாரன் அடித்த பிறகுதான் விட்டாள்.

வீட்டுக்கு வந்து சேகரிடம் சொன்னேன். அவர் சோபாவில் விழுந்து சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கோமதி அக்காகிட்ட நீயே சொல்லிடு," என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோமதி அக்கா இவருடைய மூத்த சகோதரி. என் மாமியார் போன பிறகு எங்கள் வீட்டு நல்லது கெட்டதெல்லாம் அவர் சொல்படிதான். கல்யாணத்துக்கு அம்பத்தூரிலிருந்து வரப்போகிறவர். மஞ்சள் குங்குமப் பையில் மது பாட்டிலை வைத்து அவர் கையில் கொடுத்து, இதைச் சுமங்கலிகளுக்குக் கொடுங்கள் அக்கா என்று நான் எந்த வாயால் சொல்வேன்? ஆழம் தெரியாமல் காலை விட்டாயிற்று.

யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். எப்படியும் பத்திரிகை வைக்க சான் ஹோசேக்குப் போக வேண்டும். நேரில் புஷ்பராணியிடம் பக்குவமாகச் சொல்லி இதை நிறுத்திவிடுவது. காவ்யாவிடம், மண்டபத்தில் பெர்மிஷன் தரவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். அவள் கை பிடித்த சூடு அதற்குள் ஆறிவிடும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

4

சொல்ல வாயெடுப்பதற்குள் புஷ்பராணி என்னைக் காரில் ஏற்றிவிட்டார். அவர் கணவர் ஓட்டினார். அந்த மனிதர் பேசி நான் கேட்டதில்லை, எந்தப் பக்கம் திரும்பினாலும் இண்டிகேட்டர் மட்டும் போடுவார். சான்டா கிளாராவில் ஒரு வைன் கடை வாசலில் எங்களை இறக்கிவிட்டு, அவர் காரிலேயே உட்கார்ந்துகொண்டார்.

வைன் கடைக்குள் நான் காலை வைத்தது அதுதான் முதல் தடவை. துப்பட்டாவைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டேன். சான்டா கிளாராவில் என்னை யாருக்குத் தெரியும்? ஆனாலும் பக்கத்துத் தெருவிலேயே நம் மளிகைக் கடை இருக்கிறது, யாராவது முருங்கைக்காய் வாங்க வந்தவர்கள் பார்த்துவிட்டால் என்ற பயம்.

புஷ்பராணிக்கும் வைனைப் பற்றி அதிகம் தெரியாது. ஆனால் தனக்கு என்ன வேண்டும் என்று தெரிந்திருந்தது. கடையில் நின்ற பெண்ணிடம் அவர் சொன்னார். குடும்பத்துக்கு ஒரு பாட்டில் கொடுக்க வேண்டும். உடனே குடிப்பதற்கு இல்லை, பத்து வருஷம் வைத்திருந்து திறக்கிற மாதிரி இருக்க வேண்டும். விலையும் கட்டுப்படியாக வேண்டும். எவ்வளவுக்குள் என்று அந்தப் பெண் கேட்டதற்கு, இங்கே ஒரு பட்டு ரவிக்கை தைக்கிற கூலிக்குள் என்று நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். புஷ்பராணி சொன்ன தொகையும் ஏறத்தாழ அதேதான்.

அந்தப் பெண் விளக்கினாள். கடையில் இருப்பதில் பெரும்பாலானவை வாங்கி ஓரிரு வருஷத்தில் குடித்துவிட வேண்டியவை, வைத்திருந்தால் வீணாகும். நாள் தாங்க வேண்டுமானால் துவர்ப்பும் புளிப்பும் வேண்டும். பெயர் பெற்ற திராட்சையில் அப்படி வேண்டுமென்றால் விலை நம் கைக்கு எட்டாது. அதிகம் பேர் கேட்காத கறுப்புத் திராட்சை ஒன்று இந்த கலிஃபோர்னியாவிலேயே விளைகிறது, பெட்டீட் சிரா என்று பெயர், அதைப் பார்க்கலாம் என்றாள். மூன்று நான்கு கோப்பைகளில் கொஞ்சம் கொஞ்சம் ஊற்றி வைத்தாள்.

நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். இப்போது சொல்லிவிட வேண்டும் என்று வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்தேன். புஷ்பராணி என் முகத்தைப் பார்த்தார்.

"அக்கா, உண்மையைச் சொல்லுங்கோ. அண்டைக்குக் குழந்தையளும் குடிக்கும் எண்டு சொன்னியள். அது பகிடிதானே?"

பகிடி என்றால் கேலி என்பது எனக்கு அதற்குள் பாடமாகியிருந்தது. ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

"இல்ல புஷ்பா. நான் ஜூஸ்னு நெனச்சேன்."

அவர் வாயைப் பொத்திக்கொண்டார். முதலில் அவருக்குத்தான் சிரிப்பு வந்தது, பிறகு எனக்கும். கடைப் பெண் ஒன்றும் புரியாமல் எங்களோடு சேர்ந்து புன்னகைத்தாள். சிரித்து ஓய்ந்ததும் புஷ்பராணியின் முகம் மாறிவிட்டது.

"நான்தான் பிழை விட்டனான். வைன் எண்டு சொன்னால் உங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும் எண்டு, கோயில் சொல்லாப் பாத்துச் சொன்னனான். எங்களுக்குச் சேர்ச்சும் கோயில்தானே. அப்ப விடுவம் அக்கா. வேறை ஏதும் பாப்பம்."

நான் மூவாயிரம் மைல் பறந்து வந்து கேட்க நினைத்ததை அவரே தந்துவிட்டார். நன்றி சொல்லிவிட்டு வெளியே வர வேண்டியதுதான். அவர் கைப்பையை எடுத்து மாட்டிக்கொண்டும்விட்டார். நான்தான் சும்மா இருக்காமல், "ஆனா ஏன் புஷ்பா, பத்து வருஷம் வைக்கிறதா பாத்து வேணும்னு கேட்டீங்க?" என்றேன்.

அவர் கோப்பைகளைப் பார்த்தபடி சொன்னார். "என்ரை கலியாணத்துக்கு வந்த சாமான் ஒண்டும் என்னட்டை இல்லை அக்கா. ஒரு கரண்டிகூட இல்லை. எத்தினை வீடு மாறினனாங்கள் எண்டு எனக்கே கணக்கில்லை. ஒரு வீட்டிலை விளக்கைக் கொளுத்தினால் அடுத்த மாசம் வேறை வீடு. பிறகு கொழும்பு, பிறகு ஜெர்மனி, பிறகு இஞ்சை. இது பத்து வருசம் ஒரே இடத்திலை அசையாமல் கிடக்க வேணும் எண்டு ஒருத்தர் சொல்லக் கேட்டனான். எனக்கு அது மனசிலை ஒட்டிக்கொண்டுது. வாற ஆக்கள் எல்லாருக்கும் அப்பிடி ஒரு பத்து வருசம் கிடைக்கட்டும் எண்டுதான். வேறை ஒண்டும் இல்லை."

வேறு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார், என்னைச் சங்கடப்படுத்தக் கூடாதே என்று. நாங்களும் இந்த நாட்டில் வாடகை வீடு வாடகை வீடாக மாறியவர்கள்தான். கிரீன் கார்டு வருகிற வரைக்கும் ஒரு நல்ல அலமாரி வாங்கவே யோசித்தவர்கள். ஆனால் எங்களை யாரும் ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பச் சொல்லவில்லை. சுமங்கலியாக இரு, நூறு வயசு இரு என்றெல்லாம் எத்தனையோ ஆசீர்வாதம் வாங்கியிருக்கிறேன். இருக்கிற இடத்தில் இரு என்று ஒரு ஆசீர்வாதம் உண்டென்று எனக்குத் தோன்றியதே இல்லை.

ஒரு கோப்பையை எடுத்தேன். சாம்பாருக்கு உப்புப் பார்ப்பதுபோல் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நாக்கில் வைத்தேன். கடைப் பெண் கண்ணை அகல விரித்தாள். அவளுடைய வேலையில் இப்படி யாரும் ருசி பார்த்திருக்க மாட்டார்கள். முதல் இரண்டும் வழவழவென்று இனிமையாக இறங்கின. மூன்றாவது நாக்கைப் பிடித்து இழுத்தது. கன்னத்தின் உள்பக்கமெல்லாம் வறண்டு போயிற்று.

"இது பாக்கு," என்றேன். "அப்படியே கொட்டைப்பாக்கு."

அதுதான் பெட்டீட் சிரா. முதல் வாயிலேயே இனித்ததெல்லாம் நாள் தாங்காது, இப்போது முரண்டு பிடிக்கிறதுதான் பத்து வருஷத்தில் பதமாகும் என்று அந்தப் பெண் சொன்னாள். இதை உடனே கல்யாண வாழ்க்கையோடு பொருத்திப் பேசும் ஆசை எனக்கும் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"இதையே சொல்லிடுங்க புஷ்பா. தாம்பூலத்தோட குடுக்கலாம்."

"அக்கா, எனக்காண்டிச் சொல்லாதேங்கோ."

"இந்தத் தடவை புரிஞ்சுதான் சொல்றேன்." வெளியே வரும்போது அவர் முழங்கையைத் தொட்டேன். "காவ்யாவுக்கு மட்டும் சொல்லிடாதீங்க."

"என்னத்தை?"

"நான் ஜூஸ்னு நெனச்சதை."

"நீங்கள் அண்டைக்கு விட்டது நல்ல பகிடி அக்கா," என்றார் புஷ்பராணி. "எனக்கு வேறை ஒண்டும் தெரியாது."

5

ஊரில் இருக்கிற உங்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டீர்கள், இந்த நாட்டில் வைன் வீட்டுக்கே பார்சலில் வரும். ஆனால் வாங்கிக்கொள்கிறவருக்கு இருபத்தொரு வயசு ஆகியிருக்க வேண்டும், கையெழுத்தும் போட வேண்டும். டெலிவரிக்காரர் பெட்டிகளை வாசலில் அடுக்கிவிட்டு ஐடி கேட்டார். என் தலை முக்கால்வாசி நரைத்தாயிற்று. சாயம் பூச நேரமில்லாமல் வாசலில் நிற்கிறேன். அவர் என் தலையையும் பார்த்தார், லைசென்ஸையும் பார்த்தார். எதற்கும் பிறந்த தேதியைச் சரிபார்த்துக்கொண்டார்.

அப்போது கோமதி அக்கா ஊரிலிருந்து வந்து எங்களோடு இருந்தார். ஜெட் லாக்கெல்லாம் அவரிடம் வாலாட்டவில்லை. வந்த மறுநாளே என் அஞ்சறைப் பெட்டியைத் திருத்தி அடுக்கிவிட்டார்.

"என்ன லதா இத்தனை பெட்டி? நல்லெண்ணெயா?"

நல்லெண்ணெய் என்று சொல்லியிருந்தால் கல்யாணம் வரைக்கும் நிம்மதியாக ஓட்டியிருக்கலாம். அவரை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். திராட்சை ரசம் என்று புரிந்துகொண்டதிலிருந்து புஷ்பராணி வீடு மாறியது வரை. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். கடைசியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"மஞ்சக் குங்குமத்தோட பாட்டிலா?"

பாட்டில் என்று நம் ஊரில் சும்மா சொன்னாலே அது எந்த பாட்டில் என்று எல்லோருக்கும் தெரியும். தண்ணீர் பாட்டில், மருந்து பாட்டில் என்று முன்னால் ஒரு சொல் இருந்தால்தான் அதற்கு மரியாதை. கோமதி அக்கா சத்தம் போடவில்லை. "அந்தப் பொம்பளை பட்டது பெரிசுதான். நான் இல்லேங்கல. ஆனா என் கையால அதை எடுத்து ஒரு சுமங்கலிக்குக் குடுக்க மாட்டேன். அவ்வளவுதான் லதா," என்றார். சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் பேசியிருப்பேன். மெதுவாகச் சொன்னதால் எழுந்து போய்ப் பெட்டிகளைச் சுவரோரம் தள்ளி வைத்தேன்.

சேகர்தான் ஒரு வழி சொன்னார். மண்டப வாசலில் இரண்டு மேஜை. ஒன்றில் எங்கள் தாம்பூலம், இன்னொன்றில் சம்பந்தி வீட்டார் கொடுப்பது. யாருக்கு எது இஷ்டமோ எடுத்துக்கொள்ளட்டும். ஊசியும் உடையக் கூடாது, நூலும் அறக் கூடாது என்கிற மத்தியஸ்தம். எனக்கு மனசில்லை. வேறு வழியும் தெரியவில்லை. புஷ்பராணிக்குப் போன் பண்ணிச் சொன்னேன்.

"ஓமோம், அதிலை என்ன இருக்கு," என்றார். அதற்குப் பிறகு சாப்பாடு, பூ, பந்தி என்று எதைப் பற்றிக் கேட்டாலும் "நீங்கள் சொல்லுற மாதிரியே செய்வம்" என்றுதான் பதில் வந்தது.

காவ்யா பாட்டிலில் கட்டும் அட்டைக்குத் தமிழ் வாசகத்தைத் தானே எழுதிக்கொண்டு வந்திருந்தாள். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளியில் கற்றுக்கொண்ட, கோழி கிளறிய எழுத்து. பாட்டிலைப் படுக்க வைக்க வேண்டும் என்பதற்கு, 'பத்து வருஷம் நன்றாகப் படுத்தவும்' என்று எழுதியிருந்தாள். கோமதி அக்காவே சிரித்துவிட்டார். "அதை எழுதித் தரணுமா? தாலி கட்டினா தானா நடக்கும்," என்றார். திருத்தி, 'பத்து வருஷம் அசைக்காமல் வைத்திருந்து திறக்கவும்' என்று மாற்றினோம்.

அந்த அட்டைகளைக் கட்டிக்கொண்டிருக்கும்போதுதான் காவ்யா கேட்டாள், ஏன் இரண்டு மேஜை என்று. கூட்டம் சேராமல் இருக்க என்றேன். அவள் என்னைப் பார்த்தாள், கோமதி அக்காவைப் பார்த்தாள்.

"ஃபைன்," என்றாள்.

6

கல்யாணம் நன்றாக நடந்தது. முதல் நாள் சர்ச்சில், மறுநாள் காலை மண்டபத்தில் முகூர்த்தம். அதைப் பற்றி எழுதினால் தனியாக எழுத வேண்டும். சாப்பாடு முடிந்து கூட்டம் கலையத் தொடங்கிய நேரத்துக்கு வருகிறேன்.

வாசலில் வலது பக்கம் எங்கள் மேஜை. நானும் கோமதி அக்காவும் நின்று குங்குமம் கொடுத்துப் பை கொடுத்துக்கொண்டிருந்தோம். இடது பக்கம் புஷ்பராணி தனியாக நின்றார். அவர்கள் பக்கத்து ஆட்கள் பெரும்பாலும் உள்ளே கேக் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஆட்கள் என்னிடம் பையை வாங்கிக்கொண்டு, எதிர் மேஜையைக் கண்ணால் தொட்டுவிட்டு, புஷ்பராணியைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெளியே போனார்கள். வெறுப்பெல்லாம் இல்லை. அவர்களில் வீட்டில் குடிக்கிறவர்களும் உண்டு, எனக்குத் தெரியாதா? ஆனால் கோமதி அக்காவின் கண் முன்னால், பட்டுப் புடவையோடு, முதல் ஆளாகப் போய் பாட்டிலைக் கையில் வாங்க ஒருத்தருக்கும் கால் வரவில்லை.

புஷ்பராணி பாட்டில்களின் அட்டைகளை நேராக்கிக்கொண்டிருந்தார். நேராக இருந்ததையே மறுபடி நேராக்கினார். யாராவது கும்பிட்டால் நிமிர்ந்து சிரிப்பார், பிறகு மறுபடி அட்டை. மேடையில் போட்டோக்காரர் எங்கெங்கோ பார்க்கச் சொல்லியும் காவ்யா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு தடவை அவள் புஷ்பராணியிடமிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள்.

முதல் சரி நான் தெரியாமல் சொன்னது. அதற்குப் போய் அவள் என் கையைப் பிடித்தாள். இரண்டாவது சரி தெரிந்து சொன்னது. அதைச் சொல்லிவிட்டு இந்தப் பக்கம் எங்கள் மேஜையருகே நின்றுகொண்டிருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

கையிலிருந்த பையைக் கோமதி அக்காவிடம் கொடுத்துவிட்டு எதிர்ப்பக்கம் போனேன். புஷ்பராணி நிமிர்ந்தார். தாம்பூலம் வாங்கிப் பழகிய உடம்புக்குத் தெரிந்ததைச் செய்தேன். முந்தானையை இரண்டு கையாலும் விரித்து அவர் முன்னால் நீட்டினேன்.

அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. ஒரு பாட்டிலை எடுத்தார்.

"விழுந்திடும் அக்கா."

"விழாது. தேங்காயையே தாங்கும்."

அவர் அதை வைக்கப் போன நேரத்தில் என் தோளுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. கோமதி அக்கா எங்கள் மேஜையை விட்டு வந்திருந்தார். கையில் வெற்றிலைத் தட்டு. சொல்லப்போகிறார், இத்தனை பேர் முன்னால் சொல்லப்போகிறார் என்று என் காது சூடாகியது. அவர் என்னைப் பார்க்கவில்லை. பாட்டிலையும் தொடவில்லை. தட்டிலிருந்து இரண்டு வெற்றிலையும் ஒரு பாக்கும் எடுத்துப் புஷ்பராணியின் உள்ளங்கையில் வைத்தார். பிறகு தட்டையே அந்த மேஜையில், பாட்டில்களுக்குப் பக்கத்தில் இறக்கி வைத்தார்.

"இதோட சேத்துக் குடுங்கம்மா எல்லாருக்கும்," என்றார். "தனியா குடுத்தாத்தான் அது பாட்டில்."